பொறுத்திருந்து பார்க்கும் வயதா இது?

சங்கராபுரத்தில் கணக்கு சாரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஆள் மீதான சண்டையாகப் போய்விடும். என் சண்டை, அவர் அச்சடித்துக் கடைவீதியிலும் ஓய்வூதியர்கள் கூடும் இடத்திலும் கொடுத்துவரும் நான்கு பக்கத் துண்டறிக்கையோடுதான். அறுபதைத் தாண்டியவர்கள் இனி எந்தத் தடுப்பூசியும் போட்டுக்கொள்ளக் கூடாதாம். பூஸ்டர் என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டுமாம். பக்கவிளைவெல்லாம் முழுசாக வெளியே வரட்டும், பொறுத்திருந்து பார்க்கலாமாம்.

சார் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தவர். கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி. பகுதி இல்லாத தொகுதிக்கு அர்த்தமே கிடையாது என்று மேசையைத் தட்டிச் சொன்னவர். அதே கைதான் இதையும் எழுதியது என்றால் நம்ப முடியவில்லை. நான்கு பக்கத்திலும் தொகுதி மட்டுமே இருக்கிறது. இன்னார் செத்தார், இத்தனை பேருக்கு ரத்தம் உறைந்தது, இத்தனை பேருக்கு நெஞ்சு வலித்தது. எத்தனை பேரில் என்ற கேள்வி ஒரு வரியில்கூட இல்லை. ஏழாம் வகுப்புப் பையன் இப்படி விடை எழுதியிருந்தால் சாரே முட்டை போட்டிருப்பார்.

கொரோனா பூஸ்டரே இப்போது அரசு மருத்துவமனைகளில் கிடைப்பதில்லையே, செத்த பாம்பை ஏன் அடிக்கிறாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். பாம்பு சாகவில்லை. கொரோனாவைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, அந்தப் பயத்தை அப்படியே ஃப்ளூ ஊசிக்கும் நிமோனியா ஊசிக்கும் மாற்றிவிட்டிருக்கிறார். "எந்தத் தடுப்பூசியும்" என்ற இரண்டு சொல்லில் டி.டி. ஊசிகூட அடங்கிவிடுகிறது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் ஊர் இது. அறுபத்தைந்து வயதுக்காரர் காலில் வெட்டுக்கத்தி பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாகப் போடும் டி.டி.யை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தால், ரண ஜன்னிக்கு சார் பொறுப்பேற்பாரா?

துண்டறிக்கையின் முதல் பக்கம் முழுக்க நடிகர் விவேக். 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17 அதிகாலையில் இறந்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்கிறார் சார். அதே பக்கத்தின் கீழே, ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம் லண்டன் நீதிமன்றத்தில் ரத்த உறைவை ஒப்புக்கொண்டது என்ற செய்தியைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர், அந்த ஊசிதான் விவேக்கைக் கொன்றது என்ற முடிவுக்கு வந்துவிடுவார். சார் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

விவேக் போட்டுக்கொண்டது கோவாக்சின். ஆஸ்ட்ராஜெனகா உருவாக்கியது கோவிஷீல்டு. இரண்டும் வேறு நிறுவனம், வேறு தொழில்நுட்பம். லண்டன் வழக்குக்கும் விவேக் சாவுக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள தொடர்புதான். அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு இருந்ததாக வடபழனி தனியார் மருத்துவமனை அன்றே அறிக்கை கொடுத்தது. கொழுப்பு படிந்து குழாய் குறுகுவது வருஷக்கணக்கில் நடக்கிற வேலை, ஒரு ராத்திரியில் நடப்பதில்லை. தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அந்த மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று 2021 அக்டோபரில் சொல்லிவிட்டது. அன்று மருத்துவமனை வாசலில் நின்று ஊசியைக் குற்றம் சொன்ன நடிகர் மன்சூர் அலிகானுக்கு முன்ஜாமீன் கொடுத்த உயர் நீதிமன்றம், தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. இது எல்லாமே பத்திரிகையில் வந்ததுதான். சார் பத்திரிகை படிக்காதவரும் இல்லை.

இப்போது பகுதிக்கு வருவோம். அறுபது தாண்டியவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று நான்கு பேர் எப்படியும் இறக்கிறார்கள்; ஊசி என்ற ஒன்றே உலகத்தில் இல்லாவிட்டாலும். ஆயிரம் முதியவர்களுக்கு வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றினாலும் அடுத்த முப்பது நாளில் ஏறத்தாழ மூன்று சாவு விழும். சங்கராபுரம் மாதிரி ஊரில் மூன்று சாவு என்றால் மூன்று தெருவில் பேச்சு. ஆகவே "ஊசிக்குப் பிறகு" என்பதை வைத்து "ஊசியால்" என்று எழுத முடியாது. ஊசி போட்டவர்களிடம் அது வழக்கத்தைவிட அதிகமாக நடந்ததா என்றுதான் கேட்க வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக முதல்வரே ஹாசன் மாவட்ட மாரடைப்புச் சாவுகளுக்கு ஊசி காரணமாக இருக்கலாம் என்று பேசியதை சார் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை 2023-லேயே முறையாகக் கேட்டுப் பதில் சொன்னது நம் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். 47 மருத்துவமனைகளில், திடீரென்று இறந்த 18 முதல் 45 வயதுக்காரர்கள் 729 பேரை, அதே வட்டாரத்தைச் சேர்ந்த 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். இரண்டு டோஸ் போட்டவர்களுக்குத் திடீர் சாவின் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. அதைக் கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் இப்படிச் சாவு இருந்தது, அதற்கு முந்தைய இரண்டு நாளில் மூச்சுமுட்டக் குடித்தது. முதல்வர் பேச்சுக்குக் கொட்டை எழுத்து கொடுத்தவர், இதற்குப் பொடி எழுத்தில்கூட இடம் கொடுக்கவில்லை.

ரத்த உறைவு பொய்யா? பொய்யில்லை. கோவிஷீல்டுக்குப் பிறகு, மிக அரிதாக, உடம்பு தன் ரத்தத் தட்டுகளுக்கு எதிராகவே வேலை செய்யத் தொடங்கி, ஒரு பக்கம் உறைவும் மறுபக்கம் தட்டுக் குறைவும் வருவது நிஜம். சிலர் அதில் இறந்ததும் நிஜம். அந்தக் குடும்பங்களுக்கு நஷ்டஈடு வேண்டும் என்று சார் எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. இந்திய அரசின் குழு 2021 மே மாதம் சொன்ன கணக்கு, பத்து லட்சம் டோஸுக்கு 0.61. நம் நாட்டில் இப்படிப்பட்ட விஷயங்கள் ஒழுங்காகப் பதிவாவதில்லை என்பார் சார், ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஜெர்மனியின் கணக்கையே எடுப்போம். அப்போது அங்கே பதிவானது பத்து லட்சத்துக்கு 10, அதாவது லட்சத்தில் ஒருவர்.

சார் மறைத்ததில் பெரியது இனிமேல்தான் வருகிறது. இந்த உறைவு வயதானவர்களைவிட இளைஞர்களுக்கே அதிகம் வந்தது. பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு, ஒரு மாதத்துக்குள். 2021 ஏப்ரலில் பிரிட்டன் அரசு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் போட்ட ஒரு கணக்கை வெளியிட்டது. நோய்ப் பரவல் குறைவாக உள்ள காலத்தில், லட்சம் பேருக்கு ஊசியால் எவ்வளவு கெடுதல், அதே ஊசியால் தீவிர சிகிச்சைக்குப் போகாமல் தப்பியவர்கள் எத்தனை பேர் என்று வயதுவாரியாக. இருபதுகளில் இருப்பவர்களுக்குக் கெடுதல் 1.1, தப்பியது 0.8. அறுபதுகளில் இருப்பவர்களுக்குக் கெடுதல் 0.2, தப்பியது 14.1. இதைப் பார்த்துத்தான் முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு ஊசி கொடுங்கள் என்று அந்த நாடு முடிவெடுத்தது. ஒரே ஊசி, இரண்டு வயதுக்கு இரண்டு விடை. இருபத்தைந்து வயதுப் பேரனுக்காக வந்த எச்சரிக்கையை எடுத்து எழுபது வயதுத் தாத்தா தலையில் கட்டுகிறார் சார்.

வெளிநாட்டிலெல்லாம் நிறுத்திவிட்டார்கள் என்ற மூன்றாம் பக்கத்து வாதமும் இதே கைவரிசைதான். அமெரிக்கா 2025-ல் கொரோனா ஊசியைச் சுருக்கியது உண்மை. யாருக்குச் சுருக்கியது? ஆரோக்கியமான இளையவர்களுக்கு. தடுப்பூசி மீது சந்தேகம் கொண்டவர்களே அங்கே அதிகாரத்தில் உட்கார்ந்தும், 65 தாண்டியவர்களுக்கு அதை எடுக்கவில்லை. பிரிட்டன் 75 தாண்டியவர்களுக்குத் தொடர்ந்து போடுகிறது. உலக சுகாதார நிறுவனம் வரிசைப்படுத்தியபோதும் முதியோரை மேலே வைத்து, கடைசி டோஸிலிருந்து 6 அல்லது 12 மாதத்தில் மறுபடியும் என்றது. இவர்கள் கதவைச் சாத்தியபோது உள்ளே உட்காரவைத்தது நம் வயதுக்காரர்களை. சார் சாத்திய கதவை மட்டும் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்.

அவர் பெரிதாக நம்பியிருக்கும் பனாரஸ் ஆய்வையும் பார்த்துவிடலாம். கோவாக்சின் போட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குள் ஏதோ கோளாறு என்று 2024 மே மாதம் வெளிவந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 926 பேர். அதில் 635 பேர் பதின்ம வயதுப் பிள்ளைகள். முதியோரைப் பயமுறுத்த எடுத்துக்கொண்ட சாட்சியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள்! ஊசி போடாதவர்களை ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. போனில் கூப்பிட்டு, ஊசிக்குப் பிறகு ஏதாவது வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். சங்கராபுரம் பேருந்து நிலையத்தில் நின்று, போன வருஷத்தில் உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று யாரைக் கேட்டாலும் மூன்றில் ஒருவர் கையைத் தூக்குவார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட இதழே அதே ஆண்டு செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. துண்டறிக்கை அச்சானது அதற்குப் பிறகு.

சாருடைய முழங்காலும் ஒரு சாட்சியாக வந்திருக்கிறது. இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் முழங்கால் வலி ஆரம்பித்ததாம். எழுபத்தொரு வயது. பணிக்காலம் முழுக்கக் கரும்பலகை முன்னால் நின்ற கால். இதற்கு நான் பதில் எழுதுவதாக இல்லை.

பகுதியும் தொகுதியும் ஒழுங்காக உள்ள கணக்கு எங்கே இருக்கிறது என்றால், நம் தமிழ்நாட்டுக் காவல் துறையில் இருக்கிறது. இரண்டாம் அலையின்போது 2021 மே 14 வரை 1,17,524 போலீஸ்காரர்களின் கணக்கு. ஊசி போடாதவர்கள் 17,059 பேர். கொரோனாவில் இறந்தவர்கள் 20. ஒரு டோஸ் போட்டவர்கள் 32,792 பேர், இறந்தவர்கள் 7. இரண்டு டோஸ் போட்டவர்கள் 67,673 பேர்; இறந்தவர்கள் 4. வகுத்துப் பார்க்கும் வேலையை சாரிடமே விடுகிறேன். இவர்கள் வேலையில் இருந்தவர்கள், கிழவர்கள் இல்லை. வயது ஏற ஏறக் கொரோனாச் சாவு எப்படி ஏறியது என்பதை 2021 மே மாதம் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாருக்கு ஓரிடத்தில் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி 3 அன்று இரண்டு ஊசிகளுக்கும் அனுமதி கொடுத்தபோது, அன்றைய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் வி.ஜி. சோமானி இவை 110 சதவீதம் பாதுகாப்பானவை என்றார். நூற்றுக்கு நூற்றுப்பத்து! கோவாக்சினின் மூன்றாம் கட்டச் சோதனை முடிவு வருவதற்கு முன்பே, சோதனை முறையில் என்று ஒரு வாலைக் கட்டி அதை அனுமதித்தார்கள். லட்சத்தில் ஒருவருக்கு ஆபத்து உண்டு, ஆனாலும் உங்கள் வயதுக்கு லாபம் இதைவிடப் பல மடங்கு என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் மக்கள் கேட்டிருப்பார்கள். பகுதியைச் சொல்லாமல் விட்ட முதல் ஆள் அரசாங்கம். சார் இரண்டாவது ஆள். அரசு செய்த தப்பைக் கண்டித்துக்கொண்டே அதே தப்பைச் செய்வதற்கு நான்கு பக்கமும் அச்சுக்கூலியும் எதற்கு?

நாள் கணக்கில் அவர் செய்யும் கேலி வேறு. நாலு வாரம் என்றார்கள், எட்டு வாரம் என்றார்கள், பிறகு 12 முதல் 16 வாரம் என்றார்கள். பூஸ்டருக்கு 9 மாதம் என்றவர்கள் 6 மாதம் என்றார்கள். ஒன்றும் தெரியாமல் குத்தியிருக்கிறார்கள் என்கிறார். 2021 மே 13 அன்று இடைவெளியை நீட்டியபோது கையிருப்புத் தட்டுப்பாடும் இருந்தது என்று சந்தேகிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பூஸ்டரில் நடந்தது என்னவென்று நம் பக்கத்துக் கல்வராயன்மலைக் கணக்கை வைத்துப் பார்ப்போம். 2021 செப்டம்பர் 12-ல் தமிழ்நாட்டில் மெகா முகாம்கள் தொடங்கின. அன்று கோவிஷீல்டின் முதல் டோஸ் போட்ட மலைக்காரக் கிழவருக்கு 84 நாள் கழித்து, டிசம்பரில் இரண்டாவது. 2022 ஜனவரி 10-ல் முதியோருக்கு பூஸ்டர் தொடங்கியபோது விதி 39 வாரம். அவருடைய முறை 2022 செப்டம்பரில்தான் வரும். ஒமைக்ரான் அதற்குள் வந்து, ஏறி, இறங்கிப் போய்விட்டது. 6 மாதம் என்று குறைத்தது 2022 ஜூலை 6-ல். இரண்டாவது ஊசியின் பலன் சில மாதங்களில் குறையத் தொடங்கும், அதுவும் முதியோருக்குச் சீக்கிரம் குறையும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஆகவே நடந்த தவறு, முதியோருக்கு பூஸ்டரைத் தாமதமாகக் கொடுத்தது. அதற்கு சார் கண்டுபிடித்த மருந்து, இன்னும் தாமதம்.

பொறுத்திருந்து பார்ப்பது என்றால் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்ல ஒரு ஊர் இருக்கிறது. ஹாங்காங். பணத்துக்கும் மருத்துவமனைக்கும் ஊசிக்கும் அங்கே குறைவில்லை. பக்கவிளைவுக்குப் பயந்து, எங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, பொறுத்துப் பார்ப்போம் என்று ஒதுங்கியவர்கள் அங்கே கிழவர்களும் கிழவிகளும்தான். 2022 தொடங்கும்போது 80 தாண்டியவர்களில் பெரும்பாலோர் இரண்டு டோஸ் முடிக்கவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் ஒமைக்ரான் ஏறியது. மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் அன்றைக்கு உலகத்திலேயே அதிகமான கொரோனாச் சாவு அங்கேதான். ஒரு சில மாதங்களுக்குள் 9,000 பேருக்கு மேல். செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஊசியை முழுசாகப் போடாதவர்கள்.

என் உடம்பு, என் முடிவு, இதில் அடுத்தவருக்கு என்ன என்று கேட்பவர்களுக்குக் கல்வராயன்மலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளிமலையைத் தாண்டிய ஒரு சின்ன ஊர். நர்சம்மா நீல நிறக் குளிர்ப்பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே நான்கு ஐஸ் பொதிகளுக்கு நடுவே குப்பிகள். ஒரு குப்பி கோவிஷீல்டில் பத்து டோஸ். மூடியில் ஊசி இறங்கியதும் பேனாவால் குப்பி மேல் நேரத்தை எழுத வேண்டும். நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சம் குப்பைக்கு. நான்கு கிழவர்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் இல்லை. அந்த அம்மா குப்பியைக் கையில் எடுக்கிறார், மறுபடி உள்ளே வைக்கிறார், மக்காச்சோளக் காட்டுப் பக்கம் ஆள் அனுப்புகிறார். வீணாக்கினால் மேலே பதில் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால் இந்த நான்கு பேரும் திரும்பிப் போவார்கள், அடுத்த முகாமுக்கு வருவார்களா தெரியாது. அப்படிப்பட்ட ஊருக்குள் சாருடைய துண்டறிக்கை போய், வருகிற ஆறு பேரில் மூன்று பேரை நிறுத்தினால் போதும். நின்றவர்களோடு, போட்டுக்கொள்ள வந்து உட்கார்ந்தவர்களுக்கும் குப்பி திறக்காது.

சரி, இப்போது என்னதான் செய்வது என்று சாரின் அறிக்கையைப் படித்துக் குழம்பிப் போன பெரியவர்கள் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எல்லோரும் சொல்வதை அடுக்கிச் சொல்ல முடியும். ஃப்ளூ கிருமி வருஷா வருஷம் உருமாறுவதால் அந்த ஊசி வருஷத்துக்கு ஒன்று. போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் பலன். நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு காய்ச்சல் ஏறும் என்பதால் ஆவணியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ போட்டுவிடுவது நல்லது. காய்ச்சலாக இருக்கிற அன்று வேண்டாம், இறங்கட்டும். நிமோனியா ஊசி எந்த வகை என்பதைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ. அக்கிக்கான ஊசி ஐம்பது தாண்டியவர்களுக்கு, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு. ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல். அதைப் போட்டால் ஓரிரு நாள் கை வலியும் காய்ச்சலும் நன்றாகவே வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போடுமுன் நர்சிடம் சொல்லிவிட்டால் மெல்லிய ஊசியாகப் போட்டு, இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடிப்பார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் அடுத்ததைப் போடக் கூடாது. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பது, வீடு பக்கத்தில் என்பதற்காகத் தட்டிக்கழிக்கிற காரியமில்லை.

இந்தப் பட்டியலில் உண்மையான குறை எங்கே இருக்கிறது என்று சாருக்குக் கண்ணில் படவில்லை. ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் முதியோருக்கு இனாமாகக் கிடைப்பதில்லை. ஓய்வூதியம் வாங்கும் சாரால் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போய்க் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள முடியும். வேண்டாம் என்று சொல்லவும் முடியும். கரும்பு வெட்டிய கூலியிலும் முதியோர் உதவித்தொகையிலும் காலம் தள்ளுகிறவர்களுக்கு இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது. அவர்களிடம் போய் வேண்டாம் என்று சொல்லச் சொல்வதற்குத் துண்டறிக்கை தேவையே இல்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. யாருக்கு எந்த நோய், என்ன வயது என்ற பட்டியல் மாத்திரை கொண்டுவரும் பெண்களின் கையில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், அதே பட்டியலை வைத்து அறுபது தாண்டியவர்களுக்கு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். சங்கராபுரத்திலும் கல்வராயன்மலையிலும் முதலில் தொடங்க வேண்டும். அந்தக் கோரிக்கை மனுவை எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு சாரின் கையெழுத்துக்கும் அதில் இடம் விட்டிருக்கிறேன்.